எழுபது துண்டும் ஒரு படமும்: எங்கள் ஊர் ஃபோனுக்குள் வந்த கதை



இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் மண்சரிவுப் படம் சுற்றத் தொடங்கிவிடும். யாராவது ஒருவர் அதைப் பெரிதாக்கி, தன் வீட்டுக்கு மேல் ஒரு வட்டம் போட்டு அனுப்புவார். "நாங்க ஈக்கிறது மஞ்சள்ள, கீழ்வீட்டுக்காரங்கதான் சிவப்புல" என்று ஒரு குரல் பதிவு வரும். அதை மறுத்து இன்னொன்று வரும். சிவப்பும் மஞ்சளும் தொடுகிற கோடு யாருடைய கூரைக்கு மேலால் போகிறது என்று இரவு பன்னிரண்டு மணி வரை வழக்கு நடக்கும்.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தப் படம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் வழக்கில் பாதி தானாகவே போய்விடும் என்று நினைக்கிறோம். ஃபோனில் நாம் பார்க்கும் தேசப்படம் ஒரே படமாக யாரும் வரைந்தது அல்ல. பல சிறு படங்களைப் பக்கத்தில் பக்கமாகவும், ஒன்றின் மேல் ஒன்றாகவும் வைத்து, வைத்த தடம் தெரியாமல் தடவிவிட்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் எங்கள் தீவுக்கும், கண்டிக்கும், ஏன், உம்மாமார் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் காணி உறுதிகளுக்கும்கூடப் பங்கிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சிசிலித் தீவுக்குப் போவோம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே ஆட்சி செய்தவர் இரண்டாம் ரோஜர், கிறிஸ்தவ அரசர். ஆனால் அவருடைய தலைநகரான பலெர்மோவில் அரபு அறிஞர்களுக்கு நல்ல இடமிருந்தது. அவர்களில் ஒருவர்தான் முஹம்மத் அல்-இத்ரீஸி. பயணிகளையும் வியாபாரிகளையும் கடலோடிகளையும் ஆண்டுக்கணக்கில் விசாரித்து, பழைய நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1154 ஜனவரியில் 'நுஸ்ஹதுல் முஷ்தாக்' என்ற புவியியல் நூலை முடித்தார்.

உலகத்தை ஒரே தாளில் காட்ட முடியாது என்று கண்டு அவர் செய்த வேலை மிக எளிமையானது. அறியப்பட்ட உலகத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஏழு இக்லீம்களாகப் பிரித்தார். ஒவ்வொரு இக்லீமையும் மேற்கிலிருந்து கிழக்காகப் பத்துத் துண்டாக வெட்டினார். ஏழு பத்து எழுபது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படம், அதற்கு விளக்கம். தெற்கு மேலே இருக்கும், வடக்கு கீழே. ஸரந்தீப் என்ற பெயரில் எங்கள் தீவு முதலாம் இக்லீமில் வருகிறது. ஆதம் மலை அங்கே உண்டு. ஸரந்தீப் அரசனுக்கு 16 அமைச்சர்கள், அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் கிறிஸ்தவர்கள், நால்வர் யூதர்கள், நால்வர் அரசனின் சொந்த மதத்தவர் என்றும் எழுதியிருக்கிறார். இத்ரீஸி இங்கே வந்தவர் அல்லர், கேட்டு எழுதியவர். அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்பது நூற்றாண்டுக்கு முன் பலெர்மோவில் இருந்த ஒருவரின் காதில் எங்கள் தீவைப் பற்றி விழுந்த செய்தி இது என்பது யோசிக்கத் தக்கது.

அரசருக்காக இந்த உலகத்தை ஒரு பெரிய வெள்ளித் தகட்டிலும் பொறித்தார்கள். ரோஜருக்குப் பின் நடந்த கலகத்தில் அந்தத் தகடு இல்லாமல் போய்விட்டது. மிஞ்சியவை கைப்பிரதிகள். அவற்றில் உலகம் எழுபது துண்டாகவே கிடந்தது.

இப்போது நாங்கள் சொல்ல வந்த இடம். "இத்ரீஸியின் உலகப்படம்" என்று முகநூலில் நாமெல்லாரும் பகிர்கிறோமே, நீளமாக, ஓரம் ஓரமாக மலைகள் வரைந்து, அந்தப் படத்தை இத்ரீஸி அந்த வடிவில் வரையவில்லை. கொன்ராட் மில்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் பல கைப்பிரதிகளை ஒப்பிட்டு, எழுபது துண்டுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, ஆற்றை ஆற்றோடும் கரையைக் கரையோடும் சேர்த்து, பெயர்களை இலத்தீன் எழுத்தில் எழுதி 1928இல் வெளியிட்டது அது. நூலுக்கும் ஒட்டிய படத்துக்கும் இடையில் 774 ஆண்டுகள். (சில கைப்பிரதிகளின் தொடக்கத்தில் வட்டமாக ஒரு சிறிய உலகப்படமும் இருக்கிறது. அது வேறு, இது வேறு.) மில்லரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கைப்பிரதியில் ஒரு கரை ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும்போது எதை எடுப்பது என்று தீர்மானித்தவர் மில்லர்தான். பெரிய படத்தில் அந்தத் தீர்மானங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாமே இத்ரீஸி சொன்னது போலத்தான் இருக்கிறது.

எங்கள் தீவின் கதையும் துண்டிலிருந்துதான் தொடங்குகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரைந்த படங்களில் கரையோரம் தெளிவாக இருக்கும். கோட்டை, துறைமுகம், கறுவாக் காடு எல்லாம் இருக்கும். நடுவில் கண்டி இராச்சியம் மட்டும் மங்கலாகக் கிடக்கும். மலைகள் அடையாளத்துக்குப் போட்டவை போல இருக்கும். தூது போனவர்களும் சிறைப்பட்டவர்களும் சொன்னதை வைத்து நிரப்பிய இடம் அது. ஆங்கிலேயர் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை உருவாக்கிய போதும் கண்டி அவர்கள் கையில் இல்லை. 1815க்குப் பிறகுதான் நடுத்துண்டை அளக்க வழி பிறந்தது.

அந்த நடுத்துண்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் ஜோன் ஃப்ரேசர். இராணுவ அதிகாரி. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தில் ஒற்றை வளைவாக நின்ற பழைய பாலம் அவருடைய வடிவமைப்பு, 1833இல் முடிந்தது. அவர் தொகுத்த இலங்கைப் படம் 1862இல் இலண்டனில் அச்சாகியது. கண்டிப் பகுதிக்குள் எந்த மலைக்குப் பின்னால் எந்தப் பள்ளம் என்று ஓரளவு நம்பிப் பார்க்கக்கூடிய படம் அப்போதுதான் கிடைத்தது.

இதற்கிடையில் 1857இல் நாடு முழுவதற்குமான முக்கோண அளவை தொடங்கிவிட்டது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு துண்டை அளந்து, அதன் ஓரத்தில் அடுத்த துண்டை ஒட்டி, அதன் ஓரத்தில் அடுத்ததை ஒட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் அது அடுத்த துண்டுக்கும் போகும். பத்தாவது துண்டில் பத்து மில்லிமீற்றராக வளரவும் கூடும். வகுப்பறைச் சுவரில் சார்ட் தாள்களை வரிசையாக ஒட்டிய எல்லோருக்கும் இது தெரியும். தொடங்கிய இடத்தில் நேராக இருப்பது ஜன்னலுக்கு வரும்போது சரிந்திருக்கும். அதனால் அளவையாளர்கள் தலைகீழாக வேலை செய்தார்கள். நீர்கொழும்புக்கு அருகே ஒரு அடிக்கோட்டை மிகக் கவனமாக அளந்து, அதிலிருந்து மலை உச்சிக்கு மலை உச்சி கோணம் பார்த்து, நாட்டின் எலும்புக்கூட்டை முதலில் கட்டினார்கள். துண்டு வரைவதற்கு முன்பே அது எங்கே உட்கார வேண்டும் என்று முடிவாகிவிட்டது. முழுமையிலிருந்து பகுதிக்கு வருவது என்று அளவைப் பாடத்தில் சொல்வார்கள்.

அந்த எலும்புக்கூட்டின் மேல் வந்த சதைதான் ஒரு அங்குலப் படம். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், அதாவது 1:63,360. 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. மொத்தம் 72 தாள்கள். சாதாரண தரத்துக்குப் புவியியல் படித்த பெரியவர்களுக்கு அதன் மண்ணிறச் சமவுயரக் கோடுகள் இன்னும் கண்ணுக்குள் இருக்கும். பிற்காலத்தில் மீற்றர் அளவுக்கு மாறி 1:50,000 படம் வந்தபோது தாள்கள் 92 ஆயின.

அந்தப் பழைய தாள்களின் விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துத் தாள் எது என்று காட்டும் சிறு கட்டம், எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு திருத்தியது என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். இரண்டு தாளை ஒட்டும்போது மடித்துவிடுகிற அந்த வெள்ளை விளிம்பில்தான் தாளின் வயது இருந்தது.

இப்போது அலுமாரிக்கு வருவோம். கண்டிப் பக்கத்துப் பழைய உறுதி ஒன்றை விரித்தால் காணியின் பெயர் வரும், பிறகு நான்கு எல்லை வரும். வடக்கே இன்னாருடைய தோட்டத்தின் கல்வெட்ட, கிழக்கே எல, தெற்கே இவுற, மேற்கே அகல. இதுவும் ஒரு துண்டுப் படம்தான், ஆனால் சொல்லால் வரைந்தது. ஒரு காணியின் வடக்கு எல்லை பக்கத்துக் காணியின் தெற்கு எல்லை. ஊரின் உறுதிகளையெல்லாம் ஒரு மேசையில் விரித்து எல்லைக்கு எல்லை பொருத்தினால் ஊர் எழுந்து நிற்க வேண்டும். நிற்பதில்லை என்பது காணி வழக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

ஏன் நிற்பதில்லை? ஒரு காரணம் அளவு. பழைய உறுதிகளில் பரப்பை விதைப்பாட்டில் எழுதினார்கள். ஒரு அமுணம் நான்கு பேள, நாற்பது லாஹ. அது நிலத்தின் அளவு அல்ல, அதில் விதைக்கத் தேவையான விதையின் அளவு. செழிப்பான வயலுக்கும் கல்லு நிலத்துக்கும், நெல்லுக்கும் குரக்கனுக்கும் ஒரு லாஹ ஒரே பரப்பைத் தராது. அளவுத்திட்டம் வேறு வேறான இரண்டு படங்களை ஒட்டுவது போன்றது இது. ஓரத்தை எவ்வளவு இழுத்தாலும் பொருந்தாது. இரண்டாவது காரணம் காலம். ஒருவர் உறுதியில் எல்லை கல்வெட்ட, பக்கத்தவர் உறுதியில் அதே எல்லை கமுகு வரிசை. எழுதிய ஆண்டுகள் வேறு. இடையில் கல்வேலி விழுந்திருக்கும், கமுகு நட்டிருப்பார்கள். இரண்டு உறுதியும் தம் தம் நாளில் உண்மையே சொன்னவை. 1998ஆம் ஆண்டு 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், 2007இல் தொடங்கிய பிம்சவிய வேலைத்திட்டமும் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவைதான். சொல்லால் எழுதிய எல்லைக்குப் பதில் அளந்து வரைந்த துண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம்.

அளந்து வரைந்த பிளானிலும் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. பிளான் காட்டுவது நேர் மேலிருந்து பார்க்கும் தட்டையான பரப்பை. 60 பாகை சரிவில் 100 மீற்றர் நடந்தால் படத்தில் அது 50 மீற்றர்தான். 45 பாகைச் சரிவில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 71. சைன் கோசைன் படிக்கும் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சரிவு கூடக் கூடப் படத்தில் இடம் குறைகிறது. எங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மண் சரிவது எந்த இடத்தில் அதிகமோ, அந்த இடத்துக்குத்தான் படத்தில் இடம் ஆகக் குறைவு.

1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் ஹன்டிங் நிறுவனம் விமானத்திலிருந்து இலங்கையைப் படம் பிடித்தது. அதிலிருந்து ஒட்டும் கலை இன்னொரு கட்டத்துக்குப் போகிறது. விமானம் நேர்கோட்டில் பறந்துகொண்டே கீழ்நோக்கிப் படம் எடுக்கும். வான்படம் எடுப்பதில் பொது வழக்கம், ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் 60 வீதம் அடுத்த படத்திலும் விழ வேண்டும். வீண் செலவு போலத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே மலையை இரண்டு இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் உயரத்தைக் கணிக்க முடியும். நமக்கு இரண்டு கண் இருப்பது போல. இன்னொன்று, கெமராவுக்கு நேர் கீழே இருப்பது மட்டும் நேராக விழும். ஓரத்துக்குப் போகப் போக மலை உச்சிகள் வெளிப்பக்கம் சாய்ந்து விழும். தட்டையான புத்தளத்தில் இது பெரிதாகத் தெரியாது. கண்டி மலைகளில் நன்றாகவே தெரியும். ஓரத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியை எடுத்துச் சேர்க்கத்தான் அவ்வளவு மேலதிகமாக எடுப்பது.

சேர்ப்பது கைவேலை. கத்தரிக்கோலால் நேராக வெட்டி ஒட்டினால் கோடு பளிச்சென்று தெரியும். அதனால் ஆறு, பாதை, வயல் வரம்பு என்று ஏற்கெனவே கோடு இருக்கிற இடமாகப் பார்த்து வெட்டுவார்கள். பிறகு படத்தின் ஓரத்தை மெதுவாகக் கிழித்து, பின்பக்கத்தை மணல்தாளால் தேய்த்து, இறகு போல மெல்லிதாக்கி ஒட்டுவார்கள். கறுப்பு வெள்ளை அடர்த்தி ஒத்துவருகிற படமாகத் தேர்ந்தெடுப்பார்கள். நன்றாக ஒட்டினால் ஒட்டிய இடம் தெரியாது. தெரியாமல் இருப்பதே திறமை. ஆனால் பின்னால் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பசையும் ஓரமும் தெரியும்.

கணினியில் பின்பக்கம் கிடையாது.

கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு 'டெக்ஸ்சர்' என்ற சொல் தெரியும். ஒரு மேற்பரப்பின் மேல் போர்த்துகிற படம் அது. சுவருக்குச் செங்கல், தரைக்குப் புல். சிறு டெக்ஸ்சர்கள் பலவற்றை ஒரு பெரிய டெக்ஸ்சரில் அடுக்க வேண்டி வருவது அன்றாட வேலை. ஃபோனிலுள்ள தேசப்படமும் அப்படித்தான். 2005 பெப்ரவரியில் கூகுள் மெப் வந்த நாளிலிருந்து தேசப்படம் சதுர ஓடுகளாக வெட்டப்பட்டுத்தான் எங்களுக்கு வருகிறது. முதலில் முழு உலகமும் ஒரு ஓடு. ஒரு தடவை பெரிதாக்கினால் நான்கு, அடுத்த தடவை பதினாறு. எட்டாவது படியில் 65,536 ஓடுகள். பதினெட்டாவது படியில் 6,800 கோடிக்கும் மேல். இத்ரீஸியின் எழுபதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் விரல் நகரும் வேகத்தில் ஒட்டுவது யார்? அந்த வேலைக்கு எழுதப்படும் சிறு நிரலுக்குப் பெயர் ஷேடர். பிக்சார் நிறுவனம் 1988இல் வெளியிட்ட ரெண்டர்மேன் விதிமுறையோடு பரவிய சொல் அது. 2001இல் ஜீஃபோர்ஸ் 3 போன்ற கிராபிக்ஸ் சிப்புகள் வந்தபின் வீட்டுக் கணினியிலும் எவரும் ஷேடர் எழுதலாம் என்றாகியது. இன்று எங்கள் ஒவ்வொருவரின் ஃபோனிலும் அது ஓடுகிறது.

ஷேடர் ஒட்டும் விதம் மில்லரும் விமானப்படக்காரர்களும் ஒட்டிய விதத்துக்கு நேர் எதிர். அவர்கள் துண்டைக் கையில் எடுத்து இதை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். ஷேடரிலோ பெரிய படத்தின் ஒவ்வொரு புள்ளியும் "நான் எந்தத் துண்டிலிருந்து வர வேண்டும், அந்தத் துண்டுக்குள் எந்த இடத்திலிருந்து?" என்று தானே கேட்கிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில் கேட்கின்றன. விடை காண்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. பதினாறு துண்டை நான்குக்கு நான்காக அடுக்கிய பெரிய படம் என்று வையுங்கள். இடது ஓரம் 0, வலது ஓரம் 1. ஒரு புள்ளி இடமிருந்து 0.6இல் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 2.4. முழு எண் 2, ஆகவே 0, 1, 2 என்று எண்ணிவர மூன்றாவது நிரல். மீதி 0.4, அந்தத் துண்டுக்குள் அவ்வளவு தூரம். மேலிருந்து கீழுக்கும் இதே கணக்கு. அவ்வளவுதான்.

எங்கள் ஊரையே எடுப்போம். அலவத்துகொட கிழக்கு நெடுங்கோடு சுமார் 80.6 பாகை. மேற்கே 180இலிருந்து எண்ணினால் 260.6. அதை 360ஆல் பிரித்து, எட்டாவது படியின் 256 நிரல்களால் பெருக்கினால் 185.3. ஆகவே 0இலிருந்து எண்ணும்போது 185ஆம் நிரலில், இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நாங்கள் இருக்கிறோம். தரம் 9 பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியபோது வகுப்பே தன் தன் வீட்டைத் தேடத் தொடங்கிவிட்டது.

ஓரச் சிக்கல் இங்கேயும் உண்டு. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட இடத்தில் என்ன நிறம் என்று வரும்போது சிப் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியை எடுக்கும். துண்டின் ஓரத்தில் அந்த நான்கில் இரண்டு பக்கத்துத் துண்டுக்குச் சொந்தமானவையாக இருக்கலாம். புல்லுக்குப் பக்கத்தில் செங்கல் இருந்தால் புல்லின் ஓரத்தில் சிவப்புக் கோடு கசியும். அதைத் தடுக்க ஒவ்வொரு சிறு துண்டைச் சுற்றியும் அதன் ஓரப் புள்ளிகளையே இன்னும் இரண்டு மூன்று வரிசைக்குத் திருப்பி எழுதி வைப்பார்கள். இரண்டு துண்டு ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் ஒன்றின் பங்கு 1இலிருந்து 0க்கு மெதுவாகக் குறைய, மற்றதன் பங்கு 0இலிருந்து 1க்கு ஏறும். அன்று மணல்தாள் செய்ததை இன்று ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்கின்றன.

மிக நன்றாகவே செய்கின்றன என்பதுதான் எங்கள் கவலை. செய்மதிப் படங்கள் ஒரே நாளில் எடுத்தவை அல்ல. மேகம் இல்லாத நாளாகப் பொறுக்கி, வெவ்வேறு ஆண்டுப் படங்களைச் சேர்த்து, நிறத்தைச் சமப்படுத்தித் தருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஊரின் செய்மதிப் படத்தை 12 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். ஒரு மாணவி ஒரு இடத்தைக் காட்டிக் கேட்டாள்: "சேர், இந்த மதில் பாதியோட ஏன் நிக்கிது?" மதில் நிற்கவில்லை, படம் நின்றது. ஒரு பாதி மதில் கட்டுவதற்கு முன், மறுபாதி கட்டிய பின். ஒட்டிய பசை எங்களுடையது அல்ல, படத்துக்குள் ஏற்கெனவே இருந்த பொருத்து அது. அந்த மதில் இல்லாவிட்டால் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

இனி மண்சரிவுப் படம். இதில் துண்டுகள் பக்கத்தில் பக்கம் மட்டுமல்ல, ஒன்றன் மேல் ஒன்றும் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கி, பின்னர் கண்டி உட்பட மற்ற மலை மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. முறை இது. ஆறு படங்கள். சரிவு எவ்வளவு, அதற்கு உச்சப் புள்ளி 25. பாறை எப்படி, 20. நீர் ஓடும் விதம், 20. நிலம் எதற்குப் பயன்படுகிறது, 15. மேல் மண்ணின் வகையும் தடிப்பும், 10. நிலத்தின் வடிவம், 10. மொத்தம் 100. ஒவ்வொரு இடத்திலும் ஆறு படமும் தரும் புள்ளிகளைக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு ஏற்ப நிறம். பல டெக்ஸ்சர்களை எடை போட்டுக் கலக்கும் ஷேடர் செய்வதும் இதே கணக்குத்தான், எடைகள்தான் வேறு. (மழை நாட்களில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகிற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை வேறு. அது அன்றைய மழைக்கு உரியது. இரண்டையும் கலந்து பகிராதீர்கள்.)

இந்தக் கூட்டலில் இரண்டு விஷயம் மறைகிறது. ஒன்று, காரணம். செங்குத்தாக இருப்பதால் 60 எடுத்த இடமும், தண்ணீர் தேங்குவதால் 60 எடுத்த இடமும் ஒரே நிறம். ஆனால் முதலாவதில் நாம் செய்யக்கூடியது குறைவு. இரண்டாவதில் அடைபட்ட கானைத் திறந்தாலே நிலைமை மாறலாம். நிறம் அதைச் சொல்லாது, கீழே இருக்கும் ஆறு படத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மற்றது, காலம். பாறை மாறாது. சரிவு மெதுவாக மாறும். நிலப் பயன்பாடும் நீர் ஓட்டமும் எங்கள் ஊரில் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மிளகும் கராம்பும் நின்ற வளவில் இன்று மூன்று வீடு. மேட்டை நேராக வெட்டி மாடி எழுப்பியிருக்கிறோம். எலவின் மேல் கொங்கிரீட் போட்டு வாகனம் நிறுத்துகிறோம். படம் எடுத்த ஆண்டில் அந்த இரண்டு அடுக்குக்கும் கிடைத்த புள்ளி இன்றைக்குச் செல்லாது. ஆறில் நான்கு அடுக்கு சரியாக இருந்தும் கூட்டுத்தொகை பிழைக்கும்.

இப்போது அந்த நள்ளிரவு வழக்குக்கு வருகிறோம். 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 50 மீற்றர். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு கோடு தரையில் 25 மீற்றர் அகலம். எங்கள் ஊரில் ஒரு வீடும் முற்றமும் மதிலும் சேர்த்து எத்தனை மீற்றர்? அந்தக் கோட்டின் அகலத்துக்குள்ளேயே இரண்டு வீடு அடங்கும். 1:10,000 படமாக இருந்தாலும் அதே கோடு 5 மீற்றர், ஒரு அறை அளவு. காகிதத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடு தடித்து மங்கலாகத் தெரியும், பார்ப்பவருக்கு எச்சரிக்கையாக இருக்கும். ஃபோனில் விரலால் எவ்வளவு விரித்தாலும் கோடு மெல்லிதாக, கூர்மையாக, கத்தி போலவே நிற்கும். ஒவ்வொரு தடவையும் சிப் அதைப் புதிதாக வரைந்து கொடுக்கிறது. அந்தக் கூர்மை சிப்பின் கூர்மை. மலையில் இறங்கி அளந்தவர்கள் அவ்வளவு கூர்மையைச் சொல்லவே இல்லை. "நாங்க மஞ்சள்ள" என்று சொல்லி மழை இரவில் வீட்டிலேயே படுத்துக்கொள்வதற்கு அந்தக் கோடு போதாது. சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்று, இவற்றைப் பார்த்தால் நிறத்தைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

பிள்ளைகளின் சுவர்ப்படத்தில் இப்போது ஒரு அடுக்கு குறைகிறது. முன்பு தண்ணீர் ஓடிய வழிகள். அதற்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டில் பழைய பிளான், ஒரு அங்குலத் தாள், வளவில் நின்று எடுத்த கலியாணப் படம், எதுவாக இருந்தாலும் ஃபோனில் படம் எடுத்து அனுப்புங்கள். தாளை மேசையில் விரித்து நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் ஒரு பக்கம் சுருங்கும், பிள்ளைகளுக்கு ஒட்ட வராது. பெயர்களையும் உறுதி இலக்கத்தையும் ஒரு தாளால் மறைத்துவிடுங்கள், அவை எங்களுக்குத் தேவையில்லை. மூலையில் அளவையாளர் எழுதிய திகதியை மட்டும் மறைக்காதீர்கள். பிளான் எதுவும் இல்லாவிட்டால் வாப்பாவிடமோ மூத்தம்மாவிடமோ கேட்டு, எங்கள் பக்கத்தில் எந்த எல எதுவரை ஓடியது, எந்த வருஷம் மூடியது என்று கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் "தம்பி பிறந்த வருஷம்" என்று எழுதினாலும் போதும், பிள்ளைகள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.